இன்னும் அகலமான லென்ஸ் வேண்டாம், மக்கா

அன்புள்ள மகனுக்கு,

போன வாரம் நீ போன் போட்டு அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாய். அப்பா "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்" என்றார். அதற்கு மேல் அவரிடம் இருப்பு இல்லாததால் போனை என் கையில் தந்துவிட்டு ஸ்டுடியோவைத் திறக்கப் போய்விட்டார். நீ என்னிடமும் அதையே கேட்டாய். "அம்மா, வாடகைக்கு எடுத்த பதினாறு முப்பத்தஞ்சு லென்ஸைத் திருப்பிக் குடுக்கணும். சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பன்னிரண்டு இருபத்திநாலு வாங்கட்டா? அது இன்னும் வைடு" என்றாய். நான் "யோசிச்சு சொல்லுகேன் மக்கா" என்றேன். உடனே நீ, "உனக்கு மேலுக்கு சொகமில்லையா?" என்று கேட்டாய். நான் யோசித்துப் பேசுகிறேன் என்றால் பெற்ற பிள்ளைக்கே எனக்குக் காய்ச்சலோ என்று சந்தேகம் வருகிறது. நல்ல வளர்ப்பு.

யோசித்துவிட்டேன். உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்றும் தீராத வழக்கு, ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். இதைக் கடிதமாக எழுத இன்னொரு காரணமும் உண்டு. மாவட்டத்துப் போட்டோக்காரர்கள் சேர்ந்து போடுகிற மலருக்கு அப்பாவிடம் லென்ஸ் பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "ம்" என்ற கட்டுரையை அச்சில் ஏற்ற முடியாது என்பதால் அதுவும் என் தலையில் விழுந்தது. உனக்கு எழுதுவதையே அவர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். வைடு லென்ஸ் வாங்கத் துடிக்கும் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டுமே.

அவர்களுக்காக உன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கோபப்படாதே. நீ சென்னையில் பயணப் புத்தகம் போடுகிற ஒரு இடத்தில் படம் எடுக்கச் சேர்ந்திருக்கிறாய். சேர்ந்திருக்கிறாய் என்றால், கதவுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். முதல் பயணம் போய் நீ கொண்டுவந்த படங்களைப் பார்த்துவிட்டு அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மா, "இடமெல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் வாழ்கிற மாதிரித் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டார். இன்னொரு பயணம் தந்திருக்கிறார்கள், ஒடிசா கடற்கரைக்கு. அந்தப் படங்களும் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அன்றிலிருந்து உன் குரலில் உப்பு இல்லை. அது எனக்குத் தெரியும், நீ சொல்லாவிட்டாலும். ஆனால் அந்த அம்மா சொன்னதைக் கேட்டு நீ கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் புரியவில்லை. படத்தில் ஆள் தெரியவில்லை என்றால் இன்னும் அகலமான லென்ஸ் வாங்குவதா? வீட்டில் ஆள் இல்லை என்றால் வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுவாயா?

லீவுக்கு வந்தபோது அந்தப் படங்களை டிவியில் போட்டுக் காட்டினாய். கடல், வானம், வயல், மறுபடியும் வானம். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "மக்கா, இதில ஆள் எங்க?" என்று கேட்டேன். நீ எழுந்துபோய் டிவியில் விரலை வைத்து, "இந்தா நிக்காருல்லா, வலை சரி பண்ணிட்டு" என்றாய். "இதுவா? நான் டிவியில ஈ உக்காந்திருக்குன்னுல்லா நெனச்சேன். துணியெடுத்துத் தொடைக்கப் போனேன்" என்றேன். நீ முறைத்தாய். அப்பா சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடிக்கப் போனார். ஆனால் மக்கா, நீ விரலை வைத்துக் காட்டிய அந்த மனிதரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றாய் என்று நான் கேட்டபோது, "அவரு வேலையைக் கெடுக்கக் கூடாதுல்லாம்மா" என்று சொன்னாய். நீ சொன்னது மரியாதையான பதில்தான். பாதி மரியாதை, பாதி கூச்சம். எது எவ்வளவு என்று எனக்குத் தெரியும், உன்னைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனவள் நான். நீ என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவன்.

நம்முடைய தொழிலில் கேமரா பிடிப்பது அப்பா, ஆளைப் பிடிப்பது நான். இது உனக்குத் தெரியும், மலர் படிப்பவர்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் சேலை மடிப்பைச் சரிசெய்வது, ஆட்களை நிறுத்துவது, விறைத்து நிற்கிறவரைச் சிரிக்க வைப்பது இதெல்லாம் என் பாடு. "மாப்பிள்ளை, பல்லு டாக்டர்கிட்ட வந்த மாதிரி நிக்காதீங்க" என்று நான் சொன்னால்தான் அப்பா கை பட்டனை அமுக்கும். எனக்கு லென்ஸ் தெரிந்தது படித்து அல்ல, அடி வாங்கி. அதிலும் வைடு லென்ஸ் எனக்குப் பாடம் நடத்தியது நம் புதுக்கடை ஊர்ப் பக்கம் ஒரு சர்ச் கோயில் கல்யாணத்தில். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அதனால் அந்தக் கதையை முழுசாகக் கேட்டிருக்க மாட்டாய்.

ஆராதனை முடிந்து கோயில் படியில் குரூப் போட்டோ. நம் பக்கத்துக் குரூப் போட்டோவில் ஒரு சங்கடம் உண்டு. பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். இரண்டு வீட்டிலும் யாரும் பின்வரிசைக்குப் போக மாட்டார்கள். பின்னால் போனால் மரியாதை குறைந்துவிடும் என்று எல்லாரும் முன்வரிசையிலேயே நிற்பார்கள். வரிசை நீண்டுகொண்டே போகும், படி முடிந்து, குரோட்டன்ஸ் தொட்டி முடிந்து, சைக்கிள் நிறுத்துகிற இடம் வரைக்கும் போகும். அப்பா பின்னால் போகப் போக மதில் சுவர் முதுகில் இடித்தது. அன்றைக்குத்தான் புது வைடு ஜூம் கையில் இருந்தது. வளையத்தைத் திருகிப் பதினாறுக்குக் கொண்டுவந்தார், அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஆல்பம் கொடுத்து இரண்டு நாள் ஆகவில்லை, மாப்பிள்ளையின் மாமி ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். வரிசையின் ஓரத்தில் கடைசியாக நின்றவர் அவர்.

"இது ஆருக்க கை?" என்று ஆல்பத்தை விரித்துக் காட்டினார்.

"உங்க கைதான் மாமி."

"எனக்க கையா? இந்தக் கை இருந்தா நான் எதுக்கு இதுவரை வந்து கேக்கணும், அங்க இருந்தே உங்க கடையைத் தள்ளிப்போட்டிருப்பேனே."

"ஓரத்தில நின்னா லென்ஸ் இழுக்கும் மாமி. அந்தத் தூணையும் பாருங்க, அதுவும் வீங்கித்தான் இருக்கு."

"தூணுக்குப் பொண்ணு இருக்கா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. தாய்க்காரி இந்த வண்ணத்தில இருந்தா பாக்க வாறவன் வாசல் வரை வருவானா?"

அப்பா ட்ரைபாடுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், அது மூன்று கால் கம்பி என்பதையும் மறந்து. நான் மாமியை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மணமக்களோடு அவரைத் தனியாக ஒரு படம் நம் செலவில் எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். எடுத்தும் தந்தோம். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் நான் வரிசையை நீளவிட்டதில்லை. "பின்வரிசைக்குப் போங்க" என்று சொல்வதில்லை, "மேல்படிக்குப் போங்க" என்று சொல்வேன். மேலே என்றால் எல்லாரும் போவார்கள். படிப்படியாக அடுக்கி, தோளோடு தோள் ஒட்டி நிறுத்திவிட்டால் அத்தனை பேரும் கொஞ்ச இடத்தில் அடங்குவார்கள். அப்பா முப்பதிலோ முப்பத்தைந்திலோ வைத்து எடுப்பார். கையும் கையாக இருக்கும், தூணும் தூணாக இருக்கும். ஆட்கள் விலகி நின்றால் அதற்கு மருந்து லென்ஸில் இல்லை, மக்கா. நெருக்கி நிறுத்துவதுதான் மருந்து. உன் கதையில் விலகி நிற்கிற ஆள் நீதான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நீ கேட்ட இரண்டு லென்ஸுக்கும் வருகிறேன். எண் குறையக் குறையப் பார்வை அகலும். பதினாறுக்கும் பன்னிரண்டுக்கும் நாலுதானே என்று நினைப்பாய், வீட்டு முற்றத்துக்கும் கோயில் மைதானத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. பன்னிரண்டில் நீ நிற்கிற இடத்தில் உன் செருப்பு, உன் நிழல், உன் பையின் வார் எல்லாம் அழைக்காமலே படத்துக்குள் வந்து உட்காரும். எதிரில் இருக்கிறவர் இன்னும் சின்னதாகப் போவார். ஏற்கெனவே ஈ மாதிரி இருந்தவர் அடுத்த பயணத்தில் எறும்பு ஆவார். அடுத்தது, பன்னிரண்டு இருபத்திநாலு என்று வருகிற லென்ஸ்களில் பலவற்றுக்கு முன்கண்ணாடி முட்டைபோலப் புடைத்துக்கொண்டு இருக்கும், மேலே காப்புக் கண்ணாடியாக ஃபில்டர் மாட்ட முடியாது. நீ போவது கடற்கரைக்கு. உப்புக்காற்றும் மணலும் நேரே அந்தக் கண்ணாடியில்தான் வந்து ஒட்டும். பதினாறு முப்பத்தைந்தில் முன்னால் ஒரு ஃபில்டரை மாட்டிவிட்டால் அதைத் தொடைத்தாலும் கீறினாலும் லென்ஸுக்குக் கேடில்லை. சட்டை நுனியால் தொடைக்காதே. நீ தொடைப்பாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அந்த முப்பத்தைந்து. பயணத்தில் பை நிறைய லென்ஸ் தூக்க முடியாது, கடற்கரையில் லென்ஸ் மாற்றினால் மணல் உள்ளே குடியேறும். ஒரே லென்ஸில் அடுக்களை முழுசும் வர வேண்டும், அந்த அடுக்களையில் நிற்கிற பெண்ணின் முகம் முகமாகவும் வர வேண்டும். இருபத்திநாலோடு நின்றுபோகிற லென்ஸில் முதலாவது வரும், இரண்டாவதுக்கு மூக்கு நீளும். முப்பத்தைந்து வரைக்கும் போகிற லென்ஸில் இரண்டும் வரும். சின்ன சென்சார் கேமரா வைத்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கு: உங்களுக்குப் பத்து இருபது என்று வருவது கிட்டத்தட்ட இதே பார்வையைத் தரும், பதினாறு முப்பத்தைந்தை வாங்கி மாட்டிவிட்டு அகலம் வரவில்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பதினாறு முப்பத்தைந்திலும் இரண்டு சாதி உண்டு. வெளிச்சம் போகிற துவாரம் இரண்டு புள்ளி எட்டு வரைக்கும் திறக்கிறது ஒன்று, நாலோடு நிற்கிறது ஒன்று; இங்கேயும் எண் குறைந்தால் துவாரம் பெரிது. முதலாவது இருட்டில் நன்றாகப் பார்க்கும், ஆனால் கனம். கழுத்தில் தொங்கவிட்டால் மாலைக்குள் ஆள் முன்னால் குனிந்துவிடுவான். கல்யாண மண்டபத்துக்கு அது சரி, நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். பயணத்துக்கு எது என்று நேற்றுச் சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். குழம்பு விட்டுக்கொண்டே, "ஃபோர் போதும். பகலில எப்படியும் எட்டு வச்சுதான் எடுப்பான். கனம் கூடினா கேமராவ ரூம்ல வச்சிட்டுப் போயிருவான்" என்றார். நம் வீட்டில் ஒரு வருஷத்துக்கான பேச்சை அவர் ஒரே வேளையில் பேசிவிட்டார், ஆகவே மறுத்துப் பேசாதே. பழைய லென்ஸ் வாங்கினால் வளையத்தைத் திருகும்போது நறநறவென்று மணல் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா பார், நம் மழைக்கு அது சீக்கிரம் வரும். செங்கல் சுவர் ஒன்றை நேரே நின்று எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் கும்பிட்டுவிட்டு அடுத்த லென்ஸைக் கேள்.

எடுக்கிற விதத்திலும் உனக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். பூதப்பாண்டி வயலில் ஒரு ஜோடிக்கு அவுட்டோர் எடுத்தோம். மாப்பிள்ளைக்குப் பின்னால் மலை வேண்டும், பெரிதாக வேண்டும். கூட வந்த உன் சித்தப்பா மகன் உற்சாகமாகப் பதினாறில் வைத்து எடுத்துக் காட்டினான். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "அண்ணே, மலை எங்க? இது வைக்கோல் போர்லா?" என்றார். அகலமாக எடுத்தால் தூரத்தில் இருப்பதெல்லாம் சுருங்கிப்போகும். அப்பா வரப்பில் பின்னாலேயே நடந்துபோய் முப்பத்தைந்தில் எடுத்தார், மலை எழுந்து நின்றது. அதேபோல கேமராவை மேலே தூக்கிக் கோபுரத்தை எடுத்தால் அது மல்லாக்கப் போகும். கேமராவை நேராகப் பிடி, கோபுர உச்சி வரவில்லை என்றால் பின்னால் நட. அமுக்குவதற்கு முன்னால் நாலு மூலையையும் ஒரு சுற்று பார். நான் கல்யாணங்களில் மூலையிலிருந்து விரட்டிய பிரியாணி வாளிகளை அடுக்கினால் ஒரு மாடி கட்டலாம். ஆனால் வாளி தற்செயலாக வந்தால்தான் அசிங்கம், நீயாக அழைத்து வைத்தால் அது அந்த வீட்டின் அடையாளம்.

இதெல்லாம் உனக்கு அங்கே இங்கே படித்தாலும் கிடைக்கும். கிடைக்காதது வேறு. லீவில் நீ வந்தபோது மீன் வாங்கப் போகிற சாக்கில் உன்னைக் குளச்சலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வள்ளம் கரையேறி ஏலம் நடந்துகொண்டிருந்தது. நீ சுவரோரமாக நின்று பதினாறில் வைத்து எடுத்தாய். நான் எட்டிப் பார்த்தேன், பாதிப் படம் ஈரத்தரை. "கிட்ட போ மக்கா" என்றேன். நீ, "கிட்ட போனா போஸ் குடுப்பாங்கம்மா. இயல்பா இருக்காது" என்றாய். "செவரோரமா ஒருத்தன் ஒளிஞ்சு நிக்கான்னு தெரிஞ்சா மட்டும் இயல்பா இருப்பாங்களா?" என்று கேட்டேன். நாம் பேசியது அங்கே நெய்மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. "ஏ தம்பி, நான் கடிக்க மாட்டேன், மீனுதான் கடிக்கும், அதுவும் செத்துப்போச்சு. வா இங்கன" என்றார். நீ நாலு எட்டு முன்னால் வைத்து, அதில் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாய். "நீ கிட்ட வருததுக்குள்ள இது கருவாடு ஆயிரும்" என்று அவர் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அதை நான் பார்த்தேன். ஆனால் கேமரா உன் வயிற்றோடே இருந்தது. அத்தனை பேரும் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷம்தான் மக்கா படம். அவர்கள் உன்னைக் கிண்டல் பண்ணவில்லை, சேர்த்துக்கொண்டார்கள். கிண்டலுக்கும் சேர்த்துக்கொள்வதற்கும் நம் ஊரில் ஒரே குரல்தான், நீ இங்கேயே பிறந்து வளர்ந்தும் உனக்கு இது பிடிபடவில்லை.

ஆகவே ஒடிசாவில் என்ன செய்ய வேண்டும் என்றால், முதலில் கேமராவைப் பையில் வை. அவர்கள் மொழி உனக்குத் தெரியாது, நல்லதாகப் போயிற்று, தெரிந்த மொழியிலேயே நீ பேசுவதில்லை. தண்ணீர் கேள், மீனின் பேர் என்ன என்று கையைக் காட்டிக் கேள், அவர்கள் சொல்வதைத் தப்பாகத் திருப்பிச் சொல். சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், நீயும் கூடச் சிரி. அப்புறம் கேமராவை எடுத்துக் காட்டி, எடுக்கட்டுமா என்று கண்ணால் கேள். வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிடு, ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காதே. படம் கிடைக்கவில்லை என்று எழுந்து போனால் நீ வந்தது எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். சரி என்றால் கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்குப் போ. வைடு லென்ஸ் அங்கேதான் வேலை செய்யத் தொடங்கும். முன்னால் அவர்கள் கை, கைக்குப் பின்னால் முகம், முகத்துக்குப் பின்னால் அவர்களுடைய முழு உலகமும் வந்து நிற்கும். இன்னொன்று, ஓரத்தில் நிற்கிறவர் தான் படத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார், இந்த லென்ஸில் அவரும் இருப்பார். அந்தத் தந்திரத்தால் யாரையும் திருடாதே. அவரிடமும் கேள். கேட்காமல் எடுத்தால் கையும் வீங்கும், மாமியும் வருவார்.

இதுவரை எழுதி மூடி வைத்திருந்தேன். இரவு நான் தூங்கிய பிறகு அப்பா இந்தப் பக்கங்களை எல்லாம் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். காலையில் நீ "படிச்சேன்" என்று ஒற்றை வார்த்தை அனுப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒற்றை வார்த்தையை நான் பத்துத் தடவை திறந்து பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ரொம்பச் சீண்டிவிட்டோமோ, பிள்ளை பயணத்துக்குப் போகிற நேரத்தில் மனசைக் கெடுத்துவிட்டோமோ என்று அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரைச் சிரிக்க வைத்து, அது செல்லாது என்று திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் உன் படம் வந்தது. நீ தினமும் சாப்பிடுகிற மெஸ் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு அம்மா தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறார். தோசைத் திருப்பியை உன் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறார். நீ என்னவோ சொல்லியிருக்கிறாய், அவர் திட்ட வாயெடுத்து, பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் ஆவி, டம்ளர் அடுக்கு, காலண்டர், சாப்பிடுகிற இரண்டு பேர். ஓரத்தில் ஒருவருடைய முழங்கை பயில்வானுக்கு உள்ளது மாதிரி நீண்டிருக்கிறது, அதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். படம் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. அதுவும் போகட்டும். நான் பார்த்தது வேறு. அந்தத் தோசைத் திருப்பியில் ஒட்டியிருந்த மாவு தெரிந்தது. பதினாறு முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று இப்படி எடுக்க வழியே இல்லை, மக்கா. நீ அங்கே நின்றாய். அடுப்புச் சூடு உன் கையில் பட்டிருக்கும்.

உடனே போன் போட்டேன். "பேரு என்ன அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வசந்தா. திண்டிவனத்துப் பக்கம். மகன் கப்பல்ல இருக்கான், என் வயசுதான். இவ்வளவு நாளா நான் ஊமைன்னு நெனச்சிருந்தாங்களாம்மா. கையைக் காட்டியே சாப்பாடு போட்டிருக்காங்க."

"நீ எப்படிப் பேச ஆரம்பிச்ச?"

"தோசை கேட்டேன். அப்புறம் எனக்கு ஒண்ணு சுடத் தாங்கன்னு கேட்டேன். சுட்டேன். கிழிஞ்சு போச்சு. அதுக்குத்தான் திட்டுறாங்க படத்தில." அதோடு நீ சொன்னாய்: "பிரிண்டு கேட்டிருக்காங்க. ரயிலுக்கு முன்னாடி குடுக்கணும். லென்ஸ் பதினாறு முப்பத்தஞ்சு சொல்லியாச்சு, ஃபோர்தான்."

தோசையைக் கிழித்துவிட்டு ஆளைப் பிடிப்பது நான் உனக்குச் சொல்லித்தராத வித்தை. ஒடிசாவிலிருந்து நீ கொண்டுவருகிற படங்கள் புத்தக ஆபீஸ் அம்மாவுக்குப் பிடிக்குமா, உன் இன்னொரு காலும் கதவுக்கு உள்ளே போகுமா என்று எனக்குத் தெரியாது. போகும் என்றுதான் என் மனசு சொல்கிறது, என் மனசு எப்போதும் கொஞ்சம் கூடத்தான் சொல்லும். ஆனால் நீ எந்தக் கரையில் இறங்கினாலும் ஒரு வீட்டின் வாசலில் தைரியமாக நிற்பாய் என்பது இப்போது எனக்குத் தெரியும், அது போதும் என்று இருக்கிறேன். ரயிலில் வேளைக்குச் சாப்பிடு. பையில் குடையும் ஃபில்டர் தொடைக்கிற துணியும் வை.

வசந்தாக்காவிடம் நீ கேட்டு, அவர் சரி என்ற பிறகு, அப்பா அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ முன்கண்ணாடியில், கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். புதுக்கடையில் நம் ஸ்டுடியோ வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்க்கிறார்கள். இன்று மத்தியானம் ஒருத்தி உள்ளேயே வந்து, "மைனி, இது ஆரு, உங்க சொந்தக்காரியா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் அம்மா